புள்ளிக்கோட்டுப் பெட்டி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் துளசிமணிக்கு முதலில் வந்த பயம். பொய் என்றால் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளலாம். உள்ளதைச் சொல்லப் போய், சொல்லச் சொல்ல அது கோணிக்கொண்டு வேறெங்கோ போய் நின்றுவிட்டால் யார் அதைத் திருப்பி இழுத்து வருவது? எதிரே உட்கார்ந்திருந்த பெண் பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆதிரை என்று பெயர், கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். பனியன் கம்பெனி முழுக்கவும் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்களாம், அதற்கு முன்னால் யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள், எதை யாரிடம் வாங்கி யாரிடம் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுகிறாள். கட்டிங்கில் கேட்டாயிற்று, தையல் லைனில் கேட்டாயிற்று, பேக்கிங்கில் கேட்டாயிற்று. மூன்றாம் நாள், பதினொரு மணி டீ முடிந்த கையோடு, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு இந்த ஸ்டோர் ரூமுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். லேபிள், பட்டன், ஜிப், எலாஸ்டிக், நூல்கண்டு, பாலிபேக் என்று துணி தவிர்த்து ஒரு பனியனுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிற அறை. பத்தொன்பது வருஷமாகத் துளசிமணியின் அறை. "லேபிள்ல இருந்து ஆரம்பிக்கலாம்க்கா. வண்டியில வந்து இறங்குது, அப்பறம் என்ன ஆகுது? நீங்க சும்மா உங்க பாட்டுக்குச் சொல்லுங்க" என்றாள். உங்க பாட்டுக்குச் சொல்லுங்க. திங்கட்கிழமை மேனேஜர் தண்டபாணியும் எல்லாரையும் நிறுத்தி வைத்து அதைத்தான் சொன்னார், அந்தப் பொண்ணு எது கேட்டாலும் உள்ளது உள்ளபடி சொல்லுங்க, ஒருத்தரும் பயப்பட வேண்டியதில்லை என்று. பயப்பட வேண்டியதில்லை என்று ஒருத்தர் சொல்லக் கேட்ட பிறகுதானே பயமே வருகிறது, அதற்கு முன்னால் யாருக்கு அந்த நினைப்பு இருந்தது? அப்படிச் சொல்லும்போது அவர் துளசிமணியைப் பார்த்தாரா, இல்லை அவள் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாரா?

"வண்டி வருமுங்க மேடம். டெலிவரி சலான் குடுப்பாங்க. நான் எண்ணிப் பார்த்து வாங்கி வச்சுக்குவனுங்க." எண்ணி என்ற சொல் வாயை விட்டுப் போய்விட்டது. எங்கே எண்ணுகிறாள்? ஒரு சுருளுக்கு ஆயிரம் லேபிள், முப்பது சுருள் வந்தால் முப்பதாயிரம், உட்கார்ந்து எண்ணினால் அன்றைக்கு லைன் ஓடின மாதிரிதான். உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஆயிரம் என்றால் இவ்வளவு கனம் என்று கை சொல்லிவிடும், இருபது முப்பது கூட இருந்தாலும் சொல்லிவிடும். அநேகமாகக் கூடத்தான் இருக்கும். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கை சொல்லும் என்பதை இந்தப் பெண் எப்படி எழுதுவாள்? அவள் எழுதினது இரண்டே வார்த்தை, அதுவும் இங்கிலீஷில், அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, கட்டத்திலிருந்து ஒரு அம்புக்குறி இழுத்தாள். செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள். போனைக் கவிழ்த்து வைப்பவர்கள் எதற்காகக் கவிழ்த்து வைக்கிறார்கள்? வெளிச்சம் எரிவது தெரியக்கூடாது என்றுதானே? பேசுவதெல்லாம் அதற்குள்ளே போய்க்கொண்டிருக்குமோ, சாயங்காலம் தண்டபாணி காதில் வைத்துக் கேட்பாரோ? துளசிமணி கொஞ்சம் முன்னால் நகர்ந்து, போனைப் பார்த்தே, "மேனேஜர் சாரு நெம்ப நல்லவருங்க" என்றாள். ஆதிரை நிமிர்ந்து பார்த்தாள். "சரிக்கா. அதை நான் எந்தக் கட்டத்துல போடறது?" என்றாள். கேலியா? சிரிப்பு கண்ணில் இருந்தது, உதட்டில் இல்லை. இந்த மாதிரிச் சிரிக்கிறவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரிக்கிறவள் மறந்துவிடுவாள், இவள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

செல்லமுத்து அண்ணன்கூடத் தப்பாகத்தான் சொன்னார். திருடவில்லை, சொல்லத் தெரியாமல் போனார், அவ்வளவுதான் நடந்தது. பேக்கிங்கில் இருந்த மனுசன். ஆறு வருஷம் முன்னால், ஒரு சனிக்கிழமை, கேட்டில் அவருடைய சோற்றுப் பையைச் சோதித்தபோது ஐம்பத்திரண்டு லேபிள் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் பெயர் நீல எழுத்தில் நெய்த லேபிள். அதை ஒரு சாதாரணப் பனியனில் தைத்துவிட்டால் அது அந்தக் கம்பெனிப் பனியன் ஆகிவிடும், கடைத்தெருவில் நாலு மடங்குக்கு விற்கலாம், அதனால் ஆர்டர் கொடுக்கிற பையர்கள் துணி போனால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், லேபிள் போனால் பொறுக்கமாட்டார்கள். இதெல்லாம் அன்றைக்குத்தான் துளசிமணிக்கே தெரிந்தது. செல்லமுத்து முதலில் அது என் பை இல்லை என்றார். பிறகு யாரோ போட்டுவிட்டார்கள் என்றார். மூன்றாவதாக, கிழிஞ்ச பீசுக்கு மாத்திவைக்க வாங்கினதுங்க, மிச்சத்தைத் திருப்பிக் குடுக்க மறந்து போச்சுங்க என்றார். மூன்றாவதுதான் நிஜம். கொடுத்தவளே துளசிமணிதான், மத்தியானம் மூன்று மணிக்கு, சீட்டு இல்லாமல், கையிலே அள்ளிக் கொடுத்தாள். ஆனால் மூன்றாவதாக வந்த நிஜத்தை யார் நம்புவார்கள்? கேட்டருகே நூறு பேர் நின்று பார்த்தார்கள், அவளும் நின்றாள், அவர் கண் அவளைத் தேடிற்று, அவள் தன் டிபன் பாக்ஸின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு இந்தப் பக்கத்தில் ஒரு கம்பெனியிலும் வேலை கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். முதலிலேயே மூன்றாவதைச் சொல்லியிருந்தால்? முதலிலேயே சொல்லியிருந்தால் யாரிடம் வாங்கினாய் என்று கேட்டிருப்பார்கள். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும்போல நின்று, வந்த வழியே திரும்பிற்று.

"வாங்கி வச்சீங்க. அப்பறம் லைன்ல இருந்து வந்து கேக்கறாங்க. எப்படிக் கேப்பாங்க?" "இண்டென்ட் சீட்டுக் கொண்டாருவாங்க. சூப்பர்வைசர் எழுதி, மெர்ச்சண்டைசர் கையெழுத்துப் போட்டு, மேனேஜர் கையெழுத்துப் போட்டு. சீட்டுல என்ன இருக்குதோ அதை அப்படியே குடுப்பனுங்க." பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது அவளுக்கே. ஏழாவது வகுப்பில் சுமதி டீச்சர் முன்னால் கைகட்டி நின்று நதிகளின் பெயர் சொன்ன குரல். அந்த வருஷத்தோடு நின்றது படிப்பு. அப்புறம் பனியன் கம்பெனியில் கைமடி, தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று பீஸை மடித்து மடித்து எடுத்துக் கொடுக்கும் வேலை, பன்னிரண்டு வயதில் ஆரம்பித்து இருபத்தெட்டு வரைக்கும் நின்றுகொண்டேதான். பிறகுதான் இந்த ஸ்டோரும் இந்த நாற்காலியும். பிரம்பு பிய்ந்துபோய் மேலே அட்டையும் அதன்மேல் மடித்த துணியும் போட்ட நாற்காலி. இதை விட்டு எழுப்பிவிட்டார்கள் என்றால் நாற்பத்தேழு வயதில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, செக்கிங் மேஜை முன்னால் பத்து மணி நேரம் நிற்க வேண்டும், கண் தெரியாமல் ஓட்டையை விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் எடுத்துக்கொண்டால். வேலை போவது ஒன்று. லேபிள் திருடி என்று போவது இன்னொன்று. முதலாவது நடந்தால் ஊரில் இருக்கலாம்.

அந்த இன்னொன்றுக்குத்தான் பயம், ஏனென்றால் ஒரு பை இருந்தது. எலாஸ்டிக் பெட்டிகளுக்குப் பின்னால், கீழ்த்தட்டில், ஒரு சின்ன அரிசிப் பை, இரண்டு கிலோ பிடிப்பது. இப்போது இந்தப் பெண் உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலிருந்து எட்டி உதைத்தால் படும். அதற்குள்ளே பிளாஸ்டிக் கவர் கவராக லேபிள், சைஸ் வாரியாக, ரப்பர் பேண்ட் போட்டது. சுருளுக்குச் சுருள் கூட வந்த இருபது முப்பது, நடுவிலே நின்றுபோன ஆர்டரில் மிச்சம் ஆனது, லைன்காரர்கள் ஆயிரம் கேட்டால் தொள்ளாயிரத்து எழுபது கொடுத்துப் பிடித்து வைத்தது. எதற்கு? தையல்காரர் ஒருத்தர் கோணலாகத் தைப்பார், பிரிக்கும்போது லேபிள் கிழியும், ஊசி குத்தி எழுத்து அழியும், ஷிப்மெண்ட் அன்றைக்கு ஐம்பது பீஸ் லேபிள் இல்லாமல் நிற்கும். அப்போது ஓடி வருவார்கள். அக்கா என்பார்கள். குனிந்து எடுத்துக் கொடுப்பாள். எத்தனை கன்டெய்னர் அந்தப் பையால் நேரத்துக்குப் போயிருக்கிறது என்று எழுதி வைத்திருந்தால் இன்றைக்குக் காட்டலாம், எழுதியா வைத்தாள்? மிச்சமானதைப் பையரின் ஆள் வரும்போது எண்ணிக் காட்டி, அவர் கண் முன்னால் இரண்டாக வெட்டிப் போட வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதே செல்லமுத்து போன பிறகுதான் காதில் விழுந்தது. அதற்குள் பை பாதி நிறைந்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். நாளைக்குச் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பார்கள். நாள் போகப் போக அந்த நேற்று பெரிசாகிக்கொண்டே வந்தது. ஒன்றுகூட அவள் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. சாமி சத்தியமாகக் கொண்டுபோனதில்லை. ஆனால் சாமியைக் கேட்டில் கூப்பிட்டா விசாரிக்கப் போகிறார்கள்?

"மிச்சம் ஆனா என்னக்கா பண்ணுவீங்க?" கேட்டுவிட்டாள். சாதாரணமாக, பேனாவைத் திருப்பிப் பிடித்துக் காதோரம் சொறிந்துகொண்டே கேட்டாள். இதற்காகத்தான் வந்திருக்கிறாள். மூன்று நாள் கட்டிங் தையல் என்று சுற்றினதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் போட்ட பந்தல். "மிச்சம் ஆவாதுங்க" என்றாள் துளசிமணி. "ஒண்ணுகூடவா?" "வந்தது வந்தபடி போயிருமுங்க." "கிழிஞ்சு போனா, பத்தாமப் போனா?" "பத்தாமயும் போவாதுங்க." சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. மிச்சமும் ஆகாது, பத்தாமலும் போகாது, அப்படி ஒரு ஸ்டோர் உலகத்தில் உண்டா? ஆதிரை தலையை ஆட்டிக்கொண்டு எழுதினாள். எழுதினது தலைகீழாகத் தெரிந்தது. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும், தலைகீழாக அதுவும் தெரியாது. ஆனால் படம் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் படம்தானே. ஒரு பெட்டி ஸ்டோர், ஒரு பெட்டி லைன், ஒரு பெட்டி பேக்கிங். ஸ்டோர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி மனுசி, ஒரு வட்டம் தலை, கோடு உடம்பு, கை கால் நாலு கோடு. புடவை இல்லை, கொண்டை இல்லை, மூஞ்சி இல்லை. அது தான்தான் என்று தெரிந்தபோது ஒரு மாதிரி இருந்தது, யாரோ தன்னைக் குளிக்கிற இடத்தில் பார்த்துவிட்ட மாதிரி. அதைவிட, ஸ்டோருக்கும் பேக்கிங்குக்கும் நடுவிலே, கொஞ்சம் கீழே தள்ளி, இன்னொரு பெட்டி இருந்தது. மற்றதெல்லாம் நேர்கோடு. இது மட்டும் புள்ளி புள்ளியாக. உள்ளே ஒன்றும் எழுதவில்லை, ஒரு கேள்விக்குறி மட்டும். அது இன்றைக்குப் போட்டது இல்லை, மை காய்ந்து வெளுத்திருந்தது. இங்கே வந்து உட்காருவதற்கு முன்னாலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

யார் சொன்னது? பேக்கிங் மரகதமா? மரகதத்துக்கு ஸ்டோர் வேலைமேல் ஒரு கண் உண்டு. உட்காருற வேலைக்காரிக்கு இடுப்பு எப்படி இருக்குது பாரு என்று போன மாசம் தண்ணீர் டேங்க் பக்கத்தில் சொன்னவள். இல்லை லைன் ஆட்களா? அவர்கள் சொன்னால் அவர்கள் வாயிலேயே விழும். தண்டபாணியா? படத்தின் அடுத்த பக்கத்தை ஆதிரை புரட்டியபோது இன்னொரு படம் இருந்தது, அதே மாதிரிப் பெட்டிகள், அம்புக்குறிகள். ஆனால் குச்சி மனுசி நின்ற இடத்தில் ஒரு சின்னச் சதுரம். "இது என்னங்க?" என்று விரல் படாமல் காட்டினாள். "இது இனிமே எப்படி நடக்கலாம்ங்கறதுக்கு ஒரு ரஃப்க்கா. இது ஸ்கேனர். பீப்புன்னு ஒரு சத்தம் வரும், கணக்கு தானாக் குறைஞ்சுக்கும்." "அதை ஆரு புடிச்சுட்டு நிப்பாங்க?" ஆதிரை ஒரு நொடி யோசித்தாள். யோசிக்கலாமா அதற்கு? நீங்கதான் என்று உடனே வர வேண்டாமா? "நான் யாரையும் வேலையை விட்டு எடுக்க வரலக்கா" என்றாள் பிறகு, மெதுவாக. துணி வெட்டுகிற மெஷின் வந்தபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சொன்ன ஆள் அன்றைக்கு எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். பதினொரு கட்டிங் மாஸ்டரில் இரண்டு பேர் இருக்கிறார்கள் இப்போது, மற்ற ஒன்பது பேரும் அந்த லட்டைத் தின்றவர்கள்தான். துளசிமணி பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். குடிக்கும்போது கண் தன்னை மீறி எலாஸ்டிக் பெட்டிப் பக்கம் போய்விடாமல் இருக்க மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே குடித்தாள், தண்ணீர் முந்தானையெல்லாம் சிந்திற்று.

அந்த நேரத்தில்தான் நடராசு உள்ளே வந்தான். மூன்றாம் லைன் சூப்பர்வைசர், நாலு வருஷமாக அவளுக்குப் பழக்கம். வேகமாக வந்தான், கதவுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த ஆதிரையைப் பார்க்கவில்லை. "அக்கோவ், நம்ம பையில இருந்து மீடியம் ஒரு அறுவது தள்ளுங்க. கன்டெய்னர் நிக்குது, டிரைவர் ஆரன் அடிச்சே கொன்னுபோடுவான்." துளசிமணி எலாஸ்டிக் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. "எந்தப் பை?" என்றாள். நடராசு சிரித்தான். "என்னக்கா வெளையாடறீங்க. கீழ எலாஸ்டிக்குப் பின்னால..." "இண்டென்ட் கொண்டா." "என்னத்தை?" "இண்டென்ட் சீட்டு. ரெண்டு கையெழுத்தோட." "நாலு வருசமா வாயில கேட்டனே, அப்பெல்லாம் சீட்டு எங்கக்கா போச்சு?" என்று சொல்லிக்கொண்டே திரும்பினவன் ஆதிரையைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். நாக்கைக் கடித்ததுதான் மோசம், பேசினதைக்கூட வேறு எதற்கோ என்று சமாளித்திருக்கலாம். "கொண்டாறனுங்க்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த மரியாதையும் மோசம். ஆதிரை கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் பன்னிரண்டு பதினைந்து என்று எழுதினாள். "சீட்டு வர எவ்வளவு நேரமாகும்க்கா?" "தெரியாதுங்க" என்றாள் துளசிமணி. இந்த நாளில் அவள் சொன்ன முதல் நிஜம் அதுதான். ஷிப்மெண்ட் நிற்கும்போது ஒரு சீட்டு அந்த வழி முழுக்கப் போய் வந்து அவள் பார்த்ததே இல்லை. "அப்ப நானும் இருந்து பாக்கறேன்" என்றாள் ஆதிரை.

இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கன்டெய்னர் ஹாரன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் சாயப்பட்டறைக்குப் போயிருக்கிறார், மூன்று மணிக்குத்தான் வருவார், துளசிமணிக்குத் தெரியும், நடராசுக்கும் தெரியும். அவன் எங்கே நிற்பான் இப்போது? லேபிள் நெய்கிற இடத்தில் சொன்னால் மூன்று நாள் ஆகும். அறுபது பீஸ் இல்லாமல் பெட்டியை மூட மாட்டார்கள். பெட்டி இல்லாமல் வண்டி போகாது. வண்டி ராத்திரிக்குள் தூத்துக்குடி போகாவிட்டால் கப்பல் போய்விடும். இவ்வளவும் அவள் காலடியில் கிடக்கிறது, ஒரு கவரில். குனிந்தால் முடிந்தது. குனிந்தால் அவளும் முடிந்தாள். ஒருவேளை நடராசை அனுப்பியதே தண்டபாணியாக இருக்குமோ, இந்தப் பெண் இருக்கும்போது போய் நம்ம பை என்று சொல்லு, அவள் எடுக்கிறாளா பார்ப்போம் என்று? இல்லை, அவன் நாக்கைக் கடித்தது நிஜம். நாக்கை நடிப்பாகக் கடிக்க முடியுமா? முடியும், ஏன் முடியாது. இண்டர்காம் அடித்தது. தண்டபாணி. "துளசிமணி, லேபிள் இருந்தா குடுத்தனுப்பு. சீட்டெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்." இருந்தா. அந்த ஒரு வார்த்தையை அவள் காதுக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவருக்கும் தெரியும். நடராசுக்குத் தெரியும், மரகதத்துக்குத் தெரியும், போன வருஷம் ஓடி வந்த ஐந்தாம் லைன்காரனுக்குத் தெரியும், கட்டடம் முழுக்கத் தெரிந்த பை அது. எல்லாரும் வாயால் தெரிந்துவைத்திருக்கிறார்கள், கையில் வைத்திருப்பது அவள் மட்டும். நாளைக்கு ஒன்று என்றால் நான் இருந்தா என்றுதானே சொன்னேன், இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்பார். "எழுதிக் குடுங்க சார்" என்றாள். அவள் குரலா அது? அந்தப் பக்கம் தண்டபாணி போனை வைத்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் மேனேஜரிடம் எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டதில்லை. இனி என்ன ஆனாலும் பழைய மாதிரி இருக்கப் போவதில்லை என்று புரிந்தது. ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியை ஆதிரை பக்கம் திருப்பினாள்.

"அந்தப் புள்ளிக் கட்டம் ஆரு சொல்லிப் போட்டீங்க?" என்று கேட்டாள். மேடம் என்று வரவில்லை வாயில். ஆதிரை நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "யாரும் சொல்லலக்கா. தையல்ல மாசம் எத்தனை லேபிள் கிழியுதுன்னு செக்கிங் நோட்டுல இருக்கு. சீட்டுப்படி நீங்க அதுக்குன்னு தனியா ஒண்ணும் குடுக்கல. ஆனா ஒரு ஷிப்மெண்ட்டும் நிக்கல. அப்ப நடுவுல எங்கயோ இருந்து வருது. எங்கேன்னு தெரியல, அதான் கேள்விக்குறி." "ஆரும் சொல்லாமயா?" "யாரும் சொல்லல. இல்லாம இருக்க முடியாதுன்னு தோணுச்சு." நம்பலாமா? பாதி நம்பலாம். ஆனால் நம்பாவிட்டாலும் ஒன்று நிச்சயம், இந்தப் பெண் சாயங்காலம் அந்தக் கேள்விக்குறியோடு ஆபீசுக்குப் போவாள், அங்கே அதற்குள்ளே யாராவது ஒரு பெயரை எழுதுவார்கள். யாருடைய பெயர் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. காலியாக விட்ட இடத்தில் அடுத்தவன் எழுதுவான். "நான் சொன்னா தண்டபாணிகிட்டச் சொல்லுவியா?" "எழுதுவேன்க்கா. எழுதறதுதான் என் வேலை. ஆனா நீங்க சொன்னதை நீங்க படிச்சுப் பாக்காம எழுத மாட்டேன்." மறைக்கமாட்டேன் என்று சொல்லாதது நல்லதாகப் பட்டது. மறைக்கிறேன் என்று சொல்லியிருந்தால் துளசிமணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள்.

எழுந்தாள். முழங்கால் சத்தம் போட்டது. எலாஸ்டிக் பெட்டி இரண்டை நகர்த்தி, பையை இழுத்து, தூக்கி மேஜைமேல் வைத்தாள். தூசிக்கு ஆதிரை தும்மினாள். "எண்ணு" என்றாள் துளசிமணி. "நானாக்கா?" "நீயும் எண்ணு, நானும் எண்ணறேன். உன்ற கையாலயும் எண்ணோணும். அப்பறம் இத்தனை இருந்துச்சு அத்தனை இருந்துச்சுன்னு ஆரும் சொல்லக்கூடாது பாரு." மீடியத்தை முதலில் எடுத்தார்கள். நூற்றுப் பதினெட்டு. நடராசுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள், அறுபதை அவன் கண் முன்னால் எண்ணி, வாங்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவரை விட்டாள். அவன் எழுதும்போது, "அக்கா, என்னைக் கோத்துவுடறீங்களா?" என்றான். "உன்னை ஒருத்தனை மட்டுமில்லடா. எல்லாத்தையுந்தான். ஓடு, ஆரன் அடிக்கறான்" என்றாள். மீதியை இரண்டு பேருமாக எண்ணினார்கள். ஸ்மால், லார்ஜ், எக்ஸ்எல், நீல எழுத்து, நின்றுபோன ஆர்டரின் சிவப்பு எழுத்து. ஆதிரை இரண்டு தடவை எண்ணிக்கை தப்பி முதலிலிருந்து ஆரம்பித்தாள். துளசிமணி உள்ளங்கையில் வைத்து ஐம்பதென்றால் ஐம்பது இருந்தது. ஆதிரை அதைப் பார்த்தாள், ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. மொத்தம் எண்ணூற்று முப்பத்தாறு, நடராசு கொண்டுபோன அறுபதையும் சேர்த்து.

துளசிமணி தாளில் எழுதச் சொன்னாள், தமிழில். ஆதிரை எழுதினதை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய வாசித்தாள். 'துளசிமணி வைத்திருந்த லேபிள்கள்' என்று ஆரம்பித்திருந்தது. "இதை அடி" என்றாள். "ஸ்டோர்ல இருந்த லேபிள்னு எழுது. வைக்கச் சொல்லி ஆரும் சொல்லல, எடுக்கச் சொல்லி எல்லாரும் சொன்னாங்கன்னு எழுது. இன்னிக்கு மேனேஜர் சாரு போன்ல கேட்டதையும் எழுது, மணியும் போடு." ஆதிரை எழுதினாள், பன்னிரண்டு முப்பத்தைந்து என்று மணியும் போட்டாள். செல்லமுத்து அண்ணனுக்குக் கொடுத்ததை எழுதச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வாய்வரை வந்தது. எழுதச் சொல்லவில்லை. அது இந்தத் தாளில் கொள்ளாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், அது நிஜமில்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. "கையெழுத்துப் போடுங்கக்கா." "மொதல்ல நீ போடு." ஆதிரை போட்டாள். அதற்குக் கீழே, 'துளசிமணி' என்று ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, அழுத்தி, பின்பக்கம் தடம் தெரியப் போட்டாள். ஆதிரை தாளை எடுக்கக் கை நீட்டினாள். துளசிமணி கொடுக்கவில்லை. "நீ போன்ல போட்டோ புடிச்சுக்க, கண்ணு" என்றாள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. பையின் வாயை ஆதிரையின் எதிரிலேயே கட்டி, முடிச்சின்மேல் தாள் ஒட்டி, அதிலும் இரண்டு பேர் கையெழுத்தை வாங்கினாள். பிறகு கேட்டில் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனாள், மூன்று காப்பி எடுத்தாள், மூன்றையும் அசலோடு வைத்து, ஒரு வரிகூட விடாமல் விழுந்திருக்கிறதா என்று வெயிலில் நின்று பார்த்தாள். ஒன்றை ஆபீசில் தபால் வாங்குகிற பெண்ணிடம் கொடுத்தாள். "என்னங்க்கா இது, லீவ் லெட்டரா?" என்று அந்தப் பெண் கையை நீட்டினாள். "மேனேஜர் சாருக்கு. நோட்டுல ஏத்து, நம்பர் போடு" என்றாள் துளசிமணி. அந்தப் பெண் சலித்துக்கொண்டே நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, நம்பர் போட்டு, அவள் கேட்டதற்காக அவளுடைய காப்பியிலும் சீல் குத்திக் கொடுத்தாள். துளசிமணி சீல் மை காயும் வரை ஊதிக்கொண்டு அங்கேயே நின்றாள். காய்ந்ததும் அசல், காப்பி எல்லாவற்றையும் சேர்த்து நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சாப்பிடப் போனாள்.